கடல் சேரும் குஞ்சுகள்
மரக்காணத்து உப்பளங்களுக்குக் கிழக்கே வங்கக் கடலின் மணற்கரை விரிகிறது. சனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் இக்கடற்கரையில் ஏறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகின்றன. குழியை மூடிக் கடலுக்குத் திரும்பிய தாய் மீண்டும் வருவதில்லை. காவலற்ற முட்டைகளை நாய்களும் நரிகளும் தோண்டித் தின்றுவிடுகின்றன.

ஆகவே தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கின்றனர். சென்னையில் மாணவர்கள் அமைத்த குழு 1988 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. மணலின் வெப்பத்திலேயே 45 முதல் 60 நாள்களுக்குள் குஞ்சுகள் பொரிக்கின்றன.

பொரித்த குஞ்சுகளை எவரும் வளர்ப்பதில்லை. நீரில் கொண்டுபோய் விடுவதுமில்லை. அலைக்குச் சற்று முன்னே, மணலில் விடுகின்றனர். இருளில் ஒளிரும் கடற்பரப்பை நோக்கி அவை தாமே ஊர்ந்து செல்லும். கரையில் விளக்கு எரிந்தால் திசைமாறி மடியும். கடல் சேர்ந்தவற்றுள்ளும் மிகச் சிலவே முதிர்ச்சி அடையும். எனினும், பிழைக்கும் பெண்ணாமை முட்டையிடத் தான் பிறந்த கடற்கரைப் பகுதியையே நாடி வரும்.

காட்டுயிரைக் காத்தல் என்பது அதனை நமக்கு உரியதாக்கிக் கொள்வதன்று. அதன் இயல்பு கெடாமல் அதன் இடத்திற்கே திருப்பி அனுப்புவதாகும்.