கம்பியை அழுத்தாதீர்கள்

கேள்வி: பள்ளி நாள்களில் வீணை கற்றேன், சாதாரண கிட்டாரும் ஓரளவு வாசிப்பேன். அண்மையில் சதுரக் கழுத்துள்ள ரெசொனேட்டர் கிட்டார் வாங்கினேன். மடியில் வைத்து, ஸ்டீல் என்ற உலோகத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தினால் எந்தச் சுரமும் நிலைக்கவில்லை, இரைச்சல்தான் மிஞ்சுகிறது. வீணைப் பழக்கம் இதற்கு உதவுமா, இடைஞ்சலா? வீவக அடுக்குமாடி வீடு என்பதால் அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டியிருக்கிறது.
– வாசகி, ஃபேரர் பார்க்

பதில்: உங்கள் காது உதவும். இடது கைதான் கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். மெட்டின்மேல் கம்பியை அழுத்தி, இழுத்துக் கமகம் பிடித்துப் பழகிய கை அது. இங்கே அழுத்தவே கூடாது. கம்பிகள் பலகையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கின்றன. ஸ்டீலின் எடையே போதும். அழுத்தினால் சுருதி ஏறிவிடும். இன்னொன்று: கிட்டாரில் விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பீர்கள். ஸ்டீலை மெட்டுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும், அதனால் காதை நம்புங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. ஸ்டீலுக்குப் பின்னால், சுருதி முடுக்கும் பக்கமாக இருக்கும் கம்பித் துண்டும் சேர்ந்து அதிர்கிறது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் அங்கே லேசாகப் படியவிட்டு, ஸ்டீலோடு சேர்த்தே நகர்த்துங்கள். இந்த ஒன்று கைவந்தாலே பாதி வாத்தியம் வந்துவிட்டது என்பேன்.

வழக்கமான சுருதிச் சேர்க்கை, தடித்த கம்பியிலிருந்து ஜி, பி, டி, ஜி, பி, டி. உங்கள் காதுக்கு அது 5 கட்டையில் ச க ப ச க ப. காந்தாரம் அந்தர காந்தாரம், மாயாமாளவகௌளைக்கும் அதுதானே! ஆகவே சரளி வரிசையிலேயே தொடங்கலாம். மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாம் கம்பியைத் திறந்து மீட்டினால் ஷட்ஜம். பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12-ஆம் மெட்டுகள். தம்புராவை ஓடவிட்டு, கமகமே இல்லாமல், ஒவ்வொரு சுரத்திலும் நின்று வாசியுங்கள். கீழிருந்து வழுக்கி வந்து சுரத்தைப் பிடிப்பது இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் பிசகை மறைத்துவிடும். நேராக நிற்கத் தெரிந்த பிறகு கமகம் உங்களுக்குத் தானாக வரும். மேல்நாட்டு மாணவர்கள் ஏங்கும் சொத்து அது. அடுத்து மோகனம் எடுங்கள். கரகரப்பிரியா இப்போது வேண்டாம், திறந்த கம்பியின் அந்தர காந்தாரம் இடையில் ஒலித்துக் கெடுக்கும். உங்கள் பக்கத்திலேயே ஸ்டார்லைட் சாலையில், 1949-ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. ரெசொனேட்டர் தெரியாத ஆசிரியர்கூட நீங்கள் சுருதி விலகும் இடத்தைச் சொல்லிவிடுவார்.

சத்தம் இந்த வாத்தியத்தின் பிறவிக் குணம். மின்கிட்டார் பரவுவதற்கு முன், இசைக்குழுவின் நடுவே கிட்டார் கேட்க வேண்டும் என்றே ஜான் டோபியேரா அலுமினியக் கூம்பு பொருத்தி இதை வடிவமைத்தார். 1927-ல் நேஷனல் நிறுவனம் விற்கத் தொடங்கியது. மறு ஆண்டே அவரும் சகோதரர்களும் டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; வாத்தியத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. சத்தம் பிறவிக் குணம் என்பதால் இரவில் உலோக விரலுறைகளைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் மீட்டுங்கள். இடது கைப் பயிற்சிக்கு அதுவே தாராளம். விரலுறை போட்ட வலது கைப் பயிற்சியைப் பகலுக்கு வையுங்கள். பாஞ்சோவின் மூவிரல் வாசிப்பை டோப்ரோவுக்குக் கொண்டுவந்த ஜாஷ் கிரேவ்ஸின் பதிவுகள் அதற்கு நல்ல பாடம்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. முதலில், மெட்டே இல்லாத நம் கோட்டுவாத்தியம் என்ற சித்திரவீணை: பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியைத் தேடிக் கேளுங்கள். 1995-ல் வந்த இரண்டு தொகுப்புகளும் உங்களுக்கென்றே செய்தவைபோல் இருக்கும். 'மும்தாஜ் மஹால்' தொகுப்பில் தாஜ் மஹால் என்ற அமெரிக்க புளூஸ் கலைஞரோடு என். ரவிகிரணின் சித்திரவீணையும் விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் சேர்கின்றன. 'பர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்' தொகுப்பில் அதே பட்டோடு டோப்ரோ வாசிப்பவர் ஜெர்ரி டக்ளஸ். அவர் ஒரு சுரத்தை எப்படி முடிக்கிறார், ஸ்டீலை எப்போது தூக்குகிறார் என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள்.