இரட்டைப் புகைக்குழாய்களின் முனைகளை நேர்ப்படுத்துவது எப்படி?



மோட்டார் வாகனம் ஒன்றைப் பார்த்தால் முகப்பைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்புறத்தைப் பார்ப்பவர் குறைவு. 1961ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் இங்கிலாந்து நாட்டு ஜாகுவார் கம்பெனியார் 'இ-டைப்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அதன் முதல் மாடல்களில் பின்புறம் நடுவில், நம்பர் பலகைக்குக் கீழே, இரண்டு புகைக்குழாய்கள் அக்காள் தங்கை போல ஒட்டி நிற்கும். இரண்டில் ஒன்று அரை சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் கண் உடனே கண்டுகொள்ளும். அத்தகைய பழைய கார்களை வைத்திருப்போர் இந்த இரு முனைகளை ஒரே மட்டத்தில் நிறுத்த விடுமுறை நாள் முழுவதையும் செலவிடுவதுண்டு.

அந்தக் காரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்பது அப்பாவின் யெஸ்டி மோட்டார் சைக்கிள். ஆனால் இரட்டைக் குழாய்ப் பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

யெஸ்டியின் வரலாறு சுருக்கமானது. செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா கம்பெனியிடம் உரிமம் பெற்று, மைசூரில் ஐடியல் ஜாவா என்ற ஆலை 1960களின் தொடக்கத்தில் இந்த வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1970களில் 'யெஸ்டி' என்று பெயர் மாறிற்று. 1996ல் ஆலை மூடப்பட்டது. சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் இவ்வண்டிகள் ஓடியிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதன் என்ஜினில் சிலிண்டர் ஒன்றுதான். புகைக்குழாய் மட்டும் இரண்டு. சிலிண்டரின் இடப்புறம் ஒரு வாய், வலப்புறம் ஒரு வாய். எரிந்த வாயு இரு வழியாகவும் பிரிந்து வெளியேறும். 2018ல் ஜாவா என்ற பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தபோதும் ஒரு சிலிண்டருக்கு இரண்டு குழாய் என்ற வழக்கத்தை விடவில்லை.

இனி, இந்தப் பாடத்தை நான் ஏன் படிக்க நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கூலி நெசவு. நெய்து முடித்த சேலைகளை மூட்டையாகக் கட்டி, வண்டியின் பின்னால் வைத்து, அப்பா முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். சென்ற ஆண்டு ஒருமுறை அப்படிக் கொண்டுபோன சந்தன நிறச் சேலை ஒன்றின் ஓரத்தில் மிளகு அளவில் கறுத்த எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்திருந்தன. யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலுடனேயே எண்ணெயும் கலந்து எரிகிறது. எரியாமல் மிஞ்சும் எண்ணெய் புகையோடு சன்னத் துளிகளாக வெளியே வரும். வலப்புறக் குழாயின் முனை சற்று மேல்நோக்கி எழும்பியிருந்ததால் அத்துளிகள் மூட்டையின் அடிப்பக்கத்தை எட்டிவிட்டன. பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் முதலாளி எடுப்பாரா? சேலை வீட்டுக்கே திரும்பி வந்தது. அதன் பட்டு விலையும் சரிகை விலையும் எங்கள் கணக்கில் ஏறின. அம்மாவும் அப்பாவும் பதினைந்து நாள் உட்கார்ந்த உழைப்பு அது.

அப்பா வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே குழாய்முனைக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் கீழே அழுத்தி வளைத்தார்கள். பார்வைக்கு நேராயிற்று. ஒரு வாரத்தில் பற்றவைப்பு விரிசல் கண்டு, வண்டி தகர டப்பா போல் சத்தமிட்டது. இதைக் கேட்ட ஆயா, "பாவு ஒரு பக்கம் தளர்ந்தா படமரத்தையா வளைப்பாங்க?" என்று கேட்டார். ஆயா மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான்.

பிறகு, லாரி வேலை அறிந்த சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. அளவு நாடாவை எடுத்தார். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தினோம். தரை சமமா என்பதைக் கொத்தனார்கள் செய்வது போல், தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு பக்கமும் பிடித்துப் பார்த்தோம். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு ஒரு நூல் கட்டினோம். ஒவ்வொரு குழாய் முனைக்கும் மூன்று அளவு எடுக்க வேண்டும்: தரையிலிருந்து உயரம், நடு நூலிலிருந்து பக்கவாட்டு தூரம், பின்சக்கர அச்சிலிருந்து எவ்வளவு பின்னே நிற்கிறது என்பது. மட்கார்டையோ நம்பர் பலகையையோ வைத்து அளக்கக்கூடாது. அவையே கோணலாக இருக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே தொல்லை. பம்பர் எப்போதோ இடிபட்டு ஒருபுறம் தாழ்ந்திருக்கும். அதைப் பார்த்துக் குழாயைச் சரி செய்தால் குழாயும் கோணலாகும். அடிச்சட்டத்திலிருந்து அளப்பதே நியாயம்.

எங்கள் அளவில் இடப்புற உயரம் 34 செ.மீ., வலப்புறம் 36.5 செ.மீ. இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம்! முனை இவ்வளவு ஏறக் காரணம் முனையில் இல்லை என்றார் சித்தப்பா. குழாய் என்ஜினோடு சேரும் வாயில் ஒரு செம்பு வளையம் உண்டு. வலப்புற வளையத்தைக் கழற்றி வெர்னியர் அளவியால் அளந்தபோது, ஒரு பக்கம் நசுங்கி அரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் விட்டம் சுமார் 40 மி.மீ. அதில் 0.5 மி.மீ. சாய்வு என்றால் எண்பதில் ஒரு பங்கு. குழாயின் நீளம் ஏறக்குறைய 1000 மி.மீ. அதில் எண்பதில் ஒரு பங்கு 12.5 மி.மீ. வாயில் அரை மில்லிமீட்டர், முனையில் ஒன்றேகால் சென்டிமீட்டர்! மீதி ஒன்றேகால் எங்கே? பின்னால் குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டை, எப்போதோ வண்டி விழுந்தபோது மேல்நோக்கி வளைந்திருந்தது.

(சில பழைய வண்டிகளில் இவ்வளையத்துக்குள் கல்நார் வைத்திருப்பார்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. எங்களுடையது வெறும் செம்பு.)

பொருத்தும் முறையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு போல்ட்டை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசிப் போல்ட் குழாயை இழுத்துப் பிடிக்கும். இழுவையிலேயே நிற்கும் குழாய் அதிர்ச்சியில் விரிசல் விடும். சித்தப்பா எல்லாவற்றையும் தளர்த்தினார். பட்டையை மட்டும் கழற்றி, பட்டடையில் வைத்து நேராக்கினார். புது வளையம் போட்டு, முன்புற நட்டைக் கை விரலால் மட்டும் முறுக்கினார். பின்புறப் போல்ட் தானாக ஓட்டையில் நுழைய வேண்டும், நெம்பித் தள்ளக்கூடாது என்றார். சிறு இடைவெளி இருந்த இடத்தில் ஒரு வாஷரை வைத்தார். மறுபடி மூன்று அளவுகளையும் எடுத்த பிறகே, முதலில் முன்புற நட்டு, பிறகு நடு கிளாம்பு, கடைசியில் பின்புறப் போல்ட் என்று இறுக்கினார். முன்புற நட்டுக்குக் கொக்கி ஸ்பேனர்தான் வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு தட்டி முறுக்கும் பழக்கத்தால்தான் எத்தனையோ வண்டிகளில் அந்த நட்டின் பல் உடைந்து கிடக்கிறது.

பிறகு என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினோம். ஏன்? இங்கேதான் நமது இயற்பியல் பாடம் வருகிறது. இரும்பு ஒவ்வொரு டிகிரி உஷ்ணத்துக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 1 மீட்டர் குழாய் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் 2.4 மி.மீ. நீளும். காரில் குழாய் என்ஜினிலிருந்து பின்முனை வரை 3 மீட்டர் போகிறது என்று கொண்டால் 7 மி.மீ.க்கு மேல் நீளும். ஆகவேதான் கார்களில் குழாயை ரப்பர் வளையங்களில் ஊஞ்சல் போலத் தொங்கவிடுகிறார்கள். பழைய காரில் ரப்பர் ஒருபுறம் தளர்ந்து, மறுபுறம் இறுகியிருந்தால் குளிர்ந்தபோது நேராக நிற்கும் இரு முனைகள் சூடானபின் ஏறி இறங்கும். ரப்பரை மாற்றுவதானால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சூட்டில் ஒருமுறை, குளிரில் ஒருமுறை அளக்கவும் வேண்டும்.

காரில் இன்னொன்றும் உண்டு. குழாயின் முனை உடல் தகட்டுக்குள் பின்வாங்கி நின்றால், ஓடும்போது காரின் பின்னால் உண்டாகும் சுழற்காற்று புகையைத் திறந்த ஜன்னல் வழியே உள்ளே இழுக்கலாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். தறி நடையிலேயே வண்டியை நிறுத்தும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே என்ஜினை முடுக்கிப் பார்க்கும் அண்ணன்மார்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். குழிக்குள் கால் விட்டுத் தறியில் இருப்பவர் சட்டென்று எழுந்து ஓடவும் முடியாது.

எங்கள் கடைசி அளவு: இடப்புறம் 34, வலப்புறம் 34.2. அந்த 2 மில்லிமீட்டரையும் எடுத்துவிடலாமே என்றேன். "இது கண்காட்சிக்குப் போற காரா? புகை கீழே போனாப் போதும்" என்றார் சித்தப்பா. வெள்ளைத்தாள் ஒன்றைச் சேலை மூட்டை இருக்கும் இடத்தில் கட்டி, ராட்டினமங்கலம் வரை போய் வந்தோம். தாளில் புழுதி இருந்தது. எண்ணெய்ப் புள்ளி ஒன்றுமில்லை. இருந்தாலும் அப்பா இப்போது மூட்டையை பிளாஸ்டிக் தாளில் சுற்றித்தான் கட்டுகிறார்.

கறை பட்ட சேலை விற்கவில்லை. புள்ளிகள் கொசுவத்துக்குள் மறைந்துவிடும்படி அம்மா கட்டப் பழகிக்கொண்டார். இந்த ஆண்டு நம் பள்ளி விழாவுக்கு அதைத்தான் உடுத்தி வந்தார். என் தோழிகள் இருவர் அருகில் வந்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.