தாலாட்டில் ஒரு செய்யுள் பாடம்

எதுகை, மோனைன்னா எஸ்பிஎம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் விஷயம்னு நினைக்கிறோம். ஆனால், பள்ளிக்கூடமே போகாத தோட்டத்துப் பாட்டிமார்கள் அதைத் தாலாட்டிலேயே பாடினார்கள்.

முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை: தங்கம், தம்பி. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை: கட்டில், தொட்டில். அடிகளின் கடைசியில் ஒரே ஓசை வந்தால் இயைபு: தூங்கம்மா, சொல்லம்மா.

ஏன் இப்படி? ஏட்டில் எழுதாத பாட்டு மனசிலதான் நிக்கணும். ஓர் அடியின் ஓசை அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும். தொட்டில் ஆடும் வேகமே தாளம். 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள்.

இந்த வாரம் உங்க பாட்டியிடம் ஒரு தாலாட்டு கேளுங்க. கைப்பேசியில் பதிவு பண்ணி, எழுதிப் பாருங்க. மோனைக்கு வட்டம், எதுகைக்குக் கோடு போடுங்க. பாடமும் புரியும், பாட்டும் பிழைக்கும். எழுதி வைக்காத பாட்டு பாட்டியோடயே போயிடும்.