சுங்கை வேயில் பெப்பர்மிண்ட் டிரஃபிள் உருட்டும் தங்கைக்கு



இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெப்பர்மிண்ட் டிரஃபிள் செய்து விற்கப் போவதாக எழுதியிருந்தாய். வீட்டில் ஓவன் இல்லாததால் ஓவன் கேட்காத பலகாரமாகத் தேடிப் பிடித்தேன் என்றும் சொல்லியிருந்தாய். பலகாரம் நல்ல பலகாரம்தான். ஆனால் அது சுலபமாக இருக்கும் என்று நீ நினைத்ததை இப்போதே மறந்துவிடு.

கேக் சுடுகிறவள், கேக் ஓவனுக்குள் இருக்கும் நேரம் வரை சூட்டைக் கவனித்தால் போதும். டிரஃபிள் செய்கிறவள், சாக்லெட்டை நறுக்கத் தொடங்கியதிலிருந்து வாங்கியவர் வாயில் போடும் வரை சூட்டைக் கவனிக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. சாக்லெட் நாக்கில் பட்டதும் கரைவதற்கும் அதுதான் காரணம், உன் விரலில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிப்பதற்கும் அதுதான் காரணம். பிற்பகலில் நம் பக்கம் 32, 33 பாகை போகும். மேற்குப் பார்த்த சன்னல் உள்ள அடுக்குமாடிக் குசினி என்றால் இன்னும் கூடும். குளிர்நாட்டுச் செய்முறையில் ‘அறை வெப்பத்தில் ஆறவிடவும்’ என்று ஒரு வரி இருக்கும். அவர்களுடைய அறை 20 பாகை. நம் அறையில் சாக்லெட்டும் கிரீமும் சேர்ந்த கலவை இரவு முழுக்கக் கிடந்தாலும் உருட்டும் பதத்துக்கு வராது.

ஆகவே முதலில் நேரத்தைத் தேர்ந்தெடு. விடியற்காலை 4 மணியிலிருந்து 7 மணிவரை காற்று 24 பாகை அளவில் இருக்கும். உருட்டுகிற வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள். சுங்கை வேயில் இது யாருக்கும் புதிய பழக்கமில்லை. 1970களில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்து மின்னியல் தொழிற்சாலைகள் திறந்ததிலிருந்து, தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்கள் ஷிஃப்ட் கணக்கில்தான் வீட்டையும் வேலையையும் நடத்தியிருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் அடுக்குமாடியில் விளக்கு எரிந்தால் யாரும் வந்து ஏன் என்று கேட்கப் போவதில்லை.

நெய் உருண்டை பிடித்த கை உனக்கு இருக்கிறது, அது பெரிய பலம். ஆனால் இங்கே அந்தக் கையின் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நெய் உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஆறினால் மாவு உதிரும். டிரஃபிளைக் குளிர்ச்சி போவதற்குள் தளர்வாக உருட்டிப் போட்டுவிட வேண்டும். உள்ளங்கை வேண்டாம், விரல் நுனி போதும். மூன்று சுற்று, அவ்வளவுதான். முழு வட்டமாக வராவிட்டால் விட்டுவிடு. கொஞ்சம் கோணலாக இருக்கும் உருண்டைதான் கையால் செய்தது என்று சொல்லும். ஐஸ் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு உருட்டு. துடைப்பதை மறக்காதே.

இனி கலவை. 250 கிராம் டார்க் சாக்லெட்டுக்கு 100 மில்லி விப்பிங் கிரீம். பெரும்பாலான செய்முறைகள் சாக்லெட்டில் பாதியளவு கிரீம் சொல்லும். நம் வெயிலுக்கு நான் கிரீமைக் குறைத்தே போடுவேன். கிரீம் 35 விழுக்காடு கொழுப்புள்ள பால் கிரீமாக இருக்கட்டும். கேக் மேல் பூ வைக்கிற, சீனி கலந்த டாப்பிங் கிரீம் இதற்கு ஆகாது. வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

கிரீமைச் சின்னச் சட்டியில் ஊற்றி, ஓரத்தில் குமிழி எழும்பும்போதே இறக்கிவிடு. பொங்கி வற்றினால் உன் அளவு கெட்டுவிடும். பொடியாக நறுக்கிய சாக்லெட்டின் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் வை. பிறகு கரண்டியை நடுவில் வைத்துச் சின்ன வட்டமாகக் கிளறு. முதலில் திட்டுத்திட்டாக, பாழாய்ப் போனதுபோல் தெரியும். கையை எடுக்காதே. நடுவில் ஒரு கறுப்புப் பளபளப்பு பிறந்து மெல்ல ஓரத்துக்குப் பரவும். கிரீமில் உள்ள நீரும் சாக்லெட்டில் உள்ள கொழுப்பும் கூடிவிட்டன என்று அர்த்தம். அப்படிக் கூடாமல் ஓரத்தில் எண்ணெய் மினுங்கினால், வெதுவெதுப்பான பால் ஒரு தேக்கரண்டி விட்டு மறுபடி நடுவிலிருந்து கிளறு, சேர்ந்துவிடும். இந்தப் பளபளப்பைக் கண் பழகும்வரை ஆர்டர் எடுக்காதே. மற்றதெல்லாம் நேரமும் ஐஸ்பெட்டியும் பார்த்துக்கொள்ளும், இது ஒன்றை மட்டும் நீதான் பார்க்க வேண்டும்.

பெப்பர்மிண்டுக்கு வருகிறேன். பலர் கெடுப்பது இங்கேதான். நம் ஊரில் அந்த வாசனைக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், கோடாரித் தைலம். ஒரு சொட்டு கூடினாலும் சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டியின் தலைவலி ஞாபகம் வந்துவிடும். உணவுக்கென்று விற்கும் பெப்பர்மிண்ட் எண்ணெய் மட்டும் வாங்கு. மருந்துக்கடைப் புட்டி எவ்வளவு மணத்தாலும் சமையலுக்குள் வரக்கூடாது. இந்த அளவுக்கு இரண்டு சொட்டில் தொடங்கு. கலவை பளபளத்து, சூடு தணிந்த பிறகு சேர். கொதிக்கும் கிரீமில் விட்டால் வாசம் ஆவியோடு போய்விடும்.

பெப்பர்மிண்டில் இருக்கும் மென்தால் உண்மையில் எதையும் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்வதற்கென்று நம் நரம்பில் இருக்கும் ஏற்பியை அது தட்டிவிடுகிறது, மூளை அதைக் குளிர் என்று நம்பிவிடுகிறது. மிளகாய் காரம் சூடாகத் தெரிவதும் இதே வகைதான். சூட்டையும் குளிரையும் உடல் அறியும் விதத்தைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உனக்கு இதில் காரியம் என்னவென்றால், அந்தக் குளிர்ச்சி வாயில் போட்டவுடனே தெரியாது, சற்றுப் பொறுத்து மேலேறும். சட்டியில் சூடாக இருக்கும்போது நக்கிப் பார்த்து ‘பத்தவில்லை’ என்று இன்னொரு சொட்டு விடுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு கரண்டி எடுத்து ஐஸ்பெட்டியில் பத்து நிமிடம் வைத்துச் சுவைத்துப் பார். ஒரு நிமிடம் பொறு. அதன் பிறகும் குறைவாகத் தெரிந்தால் மூன்றாவது சொட்டு.

அடுத்தது ஈரம். வெயிலைவிட எனக்கு ஈரத்திடம்தான் பயம் அதிகம். கோலாலம்பூர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு, ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே வைத்தாலும் அதன்மேல் நீர் படியும். ஐஸ்பெட்டிக்குள் 4 பாகை. அங்கிருந்து எடுத்த டிரஃபிள் மேசைக்கு வந்த சில நிமிடத்தில் வியர்க்கும், கொக்கோ தூள் கறுத்துப் பிசுபிசுக்கும். அதனால் பெட்டியை மூடி வைத்தபடியே வெளியே எடு. உள்ளே இருப்பதன் குளிர்ச்சி தணிந்த பிறகு மூடியைத் திற. நீர் மூடியின் மேலே படிந்து போகட்டும். இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி ஒவ்வொரு பெட்டியோடும் கொடு.

சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்த்தடியை நொறுக்கி மேலே தூவினால் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சீனி. சீனி ஈரத்தை இழுக்கும். காலையில் தூவினால் மாலைக்குள் சிவப்பு கரைந்து ஒழுகும், கிரீம் கலவையின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். தூவியே ஆக வேண்டும் என்றால் கொடுக்கப் போகும் நேரத்தில் தூவு. இல்லாவிட்டால் நொறுக்கிய மிட்டாயைத் தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள் வை, பிள்ளைகள் தாங்களே தூவிக்கொள்வார்கள். கொக்கோ தூளில் மட்டும் புரட்டிய டிரஃபிளே எனக்குப் பிடித்தம். சாக்லெட் முக்கி ஓடு போடும் ஆசை வந்தால், அதற்கு டார்க் சாக்லெட்டை உருக்கி, 27, 28 பாகைக்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்ற வேண்டும். ஏர்கோன் இல்லாத குசினியில் இந்தச் சூட்டுக் கணக்கைப் பிடிப்பது கடினம். அடுத்த ஆண்டுக்கு வை.

சாக்லெட் விலையைப் பார்த்து மலைத்துப் போனதாகச் சொன்னாய். ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்து 2024 டிசம்பரில் கொக்கோ டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சந்தை பிறகு இறங்கினாலும் கடைக்காரர் அதே வேகத்தில் இறக்க மாட்டார். நம் நாட்டிலேயே கொக்கோ குவிந்த காலம் ஒன்று இருந்தது. 1990-ல் மலேசியா 2 லட்சத்து 47 ஆயிரம் டன் விளைவித்தது. பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ நின்றது. பிறகு விலை வீழ்ந்தது, காய்க்குள் புழு துளைத்தது, நிலமெல்லாம் செம்பனைக்குப் போனது. அண்மை ஆண்டுகளில் விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் கீழே. ஆனாலும் கொட்டையை இறக்குமதி செய்து அரைப்பதில் இன்றும் ஆசியாவின் முன்னணி நாடுகளில் நாம் இருக்கிறோம். தோட்டத்து ஜனங்களுக்கு இந்தக் காய் அந்நியமில்லை. அதை உடைத்துக் காயப்போட்ட கைகளின் பேத்தி நீ. பெப்பர்மிண்டும் டிரஃபிளும் வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் கூசிப் போகாதே.

விலைக்குப் பயந்து காம்பவுண்ட் சாக்லெட்டுக்குப் போகலாமா என்று கேட்டாய். போகலாம். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் செம்பனைக் கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்பு இருக்கும், வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டு அசல் சாக்லெட் விலை சொல்லாதே. இரண்டு பெட்டி வை, இரண்டு விலை வை, எது எது என்று எழுது. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று உனக்கு யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளிடம் இனி யோசனை கேட்காதே.

இன்னொன்று. திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆர்டர் வந்தால் கிரீம் டிரஃபிளை ஒத்துக்கொள்ளாதே. மூன்று மணி நேரம் வாசல் கூடாரத்துக்கு அடியில் மேசைமேல் கிடக்கும், உருகுவது இருக்கட்டும், பாலுள்ள பண்டம் கெட்டும் போகும். அதற்கு மேரி பிஸ்கட்டைப் பொடித்து, கொக்கோவும் கெட்டிப்பாலும் வெண்ணெயும் சேர்த்து, அதே இரண்டு சொட்டு பெப்பர்மிண்டோடு பிசைந்து உருட்டிக் கொடு. மலாய்க்கார வீடுகளில் கேக் பாத்திக் செய்வது ஏறக்குறைய இதே கணக்குதான், அதற்கும் ஓவன் கிடையாது. கூட்டத்தில் பரிமாற அந்த உருண்டைதான் சரி. கிரீம் டிரஃபிள் பரிசுப் பெட்டிக்கு. செய்த தேதியை எழுது. ஐஸ்பெட்டியில் ஒரு வாரம், அதற்கு மேல் இல்லை.

உன் பலகாரம் யார் யார் வீட்டுக்குப் போகும் என்று யோசித்துப் பார்த்தாயா? கிறிஸ்துமஸ் விழுவது மார்கழியில். எதிர்வீட்டு ஐயப்ப சாமி மாலை போட்டிருப்பார். கேக் கொடுத்தால் முட்டை என்று சங்கடப்பட்டு வாங்கி வைத்துக்கொள்வார். டிரஃபிளில் முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. இதைப் பெட்டியில் பெரிதாக எழுது. ரம் விடும் செய்முறைகள் நிறைய உண்டு, அந்தப் பக்கமே போகாதே. எசென்ஸ் வாங்கினால் சாராயத்தில் கரைத்ததா என்று புட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்கு. சாக்லெட், கிரீம், எண்ணெய் எல்லாமே ஹலால் முத்திரை உள்ளதாக இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. கேட்பவரிடம் அந்த உறைகளையே எடுத்துக் காட்டலாம். ஆனால் ஹலால் சின்னத்தை நீயாக உன் பெட்டியில் அச்சடிக்காதே. சான்று பெறாமல் போடுவது சட்டப்படி குற்றம். ஒரே மாடியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதற்காகவே இந்தப் பலகாரத்தை நீ தேர்ந்தெடுத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

விற்பதற்கு முன்னால் உணவு கையாள்வோர் பயிற்சியை முடித்துவிடு, டைஃபாய்டு ஊசியும் போட்டுக்கொள். வீட்டு வியாபாரம்தானே என்று தள்ளிப் போடாதே.

ஆர்டரை 20ஆம் தேதியோடு நிறுத்து. பிரிக்பீல்ட்ஸ் ஹோலி ரோசரி தேவாலயத்துக்கும் கிள்ளான் லூர்து மாதா தேவாலயத்துக்கும் நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் கேட்பார்கள். மனம் இளகும். கொடுக்க முடியாது என்று சொல்லப் பழகு. இருக்கிற பெட்டிகளை 23ஆம் தேதிக்குள் சேர்த்துவிடு. மத்தியானம் 3 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் உன் டிரஃபிளை அனுப்பாதே. ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ஏறினால், ஒரு பக்கம் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். மறுபக்கம் கிள்ளான். இரண்டும் ஒரே தடம், வண்டி முழுக்க ஏர்கோன். காலை நெரிசல் தணிந்ததும், நுரைப்பெட்டியில் துணி சுற்றிய ஐஸ் கட்டிப் பொட்டலம் ஒன்றை அடியில் வைத்து, மேலே அட்டை விரித்து, பெட்டிகளை அடுக்கி நீயே எடுத்துக்கொண்டு போ. வாங்குகிறவர்களை நிலையத்துக்கே வரச் சொல். வருவார்கள்.

அன்புடன்,
அக்கா