வளைவில் டயர் போடும் கணக்கு



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூலிம் பெட்ரோல் நிலையங்களில் ஐந்தாறு மோட்டார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். "எங்கேடா பயணம்?" என்று கேட்டால், "குனோங் ஜெராய், சார்" என்பார்கள். இன்னும் சிலர் பாலிங் வழியாகக் கிரிக் சென்று, 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரை போய்வருவார்கள். பதினாறு வயதிலேயே பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால் அவர்களில் என் மாணவர்களும் இருப்பார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நண்பர்கள் நால்வர் ஜெராய் மலைக்குச் சென்றோம். இறங்கும்போது மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முன்னால் போனவர்களை எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் ஓர் இடப்பக்க வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டேன். பயத்தில் முன்பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் வழுக்கியது. மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிரே லாரி எதுவும் வராதது என் நல்ல காலம். இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிரேக் பிடித்தும் ஏன் விழுந்தேன்? அதுதான் இன்றைய பாடம்.

வளைவில் திருப்புவது எது?

ஓடும் பொருள் தானாகத் திரும்பாது. நேர்க்கோட்டில்தான் போகப் பார்க்கும். அதைத் திருப்ப வேண்டுமானால், வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுக்க வேண்டும். இதுவே மையநோக்கு விசை. படிவம் 4 இயற்பியலில் துணைக்கோள்களைப் பற்றிப் படிக்கும்போது இதைச் சந்திப்பீர்கள். துணைக்கோளைப் பூமியின் ஈர்ப்பு இழுக்கிறது. மோட்டாரை இழுப்பது எது? டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. அந்த உராய்வு கிடைக்கும் இடமோ உள்ளங்கையைவிடச் சிறியது.

சூத்திரம் இது:

மையநோக்கு விசை = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ வளைவின் ஆரம்

'வர்க்கம்' என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். வேகம் இரு மடங்கானால், தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். மலைச்சாலையின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஏன் சாய்கிறோம்?

உராய்வு டயரின் அடிப்பகுதியை உட்பக்கமாக இழுக்கிறது. நாம் நிமிர்ந்தே அமர்ந்திருந்தால் சக்கரம் உள்ளே போக, மேல்பகுதி வெளிப்பக்கமாகக் கவிழும். அதனால் உட்பக்கம் சாய்கிறோம். எடை நம்மை உள்ளே விழவைக்கப் பார்க்கிறது, உராய்வு வெளியே கவிழ்க்கப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் கோணத்தில் மோட்டார் நிலைத்து ஓடுகிறது.

40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவுக்குக் கணக்குப் போடுவோம். எடையில் எத்தனை பங்கு உராய்வு தேவை என்று பாருங்கள்:

மணிக்கு 30 கிலோமீட்டர்: தேவை 0.18 பங்கு, சாய்வு 10 பாகை
மணிக்கு 50 கிலோமீட்டர்: தேவை 0.49 பங்கு, சாய்வு 26 பாகை
மணிக்கு 60 கிலோமீட்டர்: தேவை 0.71 பங்கு, சாய்வு 35 பாகை

நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருந்தால் ஏறத்தாழ 0.8 பங்கு உராய்வு கிடைக்கும். மழையில் அது 0.5 அளவுக்கு இறங்கிவிடும். மணல், ஈர இலை, சிந்திய டீசல் இருந்தால் இன்னும் குறையும். காய்ந்து கிடந்த சாலையில் மழை பெய்யத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில், எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கல் மிகும்.

இப்போது பட்டியலை மறுபடி பாருங்கள். வெயிலில் 60இல் தப்பிக்கும் அதே வளைவு, மழையில் 50இலேயே எல்லையைத் தொட்டுவிடுகிறது.

"பின்னால் ஆள் இருந்தால் அதிகம் சாயவேண்டுமா, சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். நிறை கூடினால் தேவைப்படும் விசையும் கூடும், கிடைக்கும் உராய்வும் அதே அளவு கூடும். இரண்டும் அடிபட்டுப் போகும். ஆனால் பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கணக்கு மாறிவிடும். உங்களோடு சேர்ந்தே சாயும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒரே பணப்பை, இரண்டு செலவு

டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பிரேக் பிடிப்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே இங்கே பைதாகரஸ் வருகிறார். மொத்தப் பிடிப்பு 5 பங்கு, திரும்புவதற்கு 4 செலவானால், பிரேக்குக்கு மீதி 3. திரும்புவதற்கே 5 பங்கும் செலவானால், பிரேக்குக்கு மீதி சுழியம்.

நான் விழுந்த காரணம் இப்போது புரிந்திருக்கும். ஈரச்சாலையில் என் பிடிப்பு முழுவதையும் வளைவே வாங்கிக்கொண்டது. இல்லாத பணத்தைச் செலவழிக்கப் போனேன். டயர் கடன் தரவில்லை.

எனவே விதி எளியது: வளைவுக்கு முன்னால், மோட்டார் நிமிர்ந்து ஓடும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் சீராக ஓட்டுங்கள்.

இறக்கத்தில் ஒரு கெண்டித் தண்ணீர்

100 கிலோ கப்சாய், 60 கிலோ ஓட்டுநர், இறங்கும் உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழக்கும் ஈர்ப்பு நிலையாற்றல் ஏறத்தாழ 15 லட்சம் ஜூல். சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! காற்றுத் தடை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மீதி எங்கே போகும்? பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகத் தங்கும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிக்காது. குறைந்த கியரில் இறங்கினால் அந்த வேலையின் ஒரு பங்கை இஞ்சின் ஏற்றுக்கொள்ளும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு சுழல் நாற்காலியின் நடுவில் தட்டையான தட்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். மையத்திலிருந்து ஒரே தூரத்தில் மூன்று இடங்களைக் குறியுங்கள். முதல் இடத்தில் ஒரு 20 சென் நாணயம், இரண்டாவதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு, மூன்றாவதில் முகப்பவுடர் தூவி ஒரு நாணயம். மெல்லச் சுழற்றி வேகத்தைக் கூட்டுங்கள். பவுடர்மேல் இருப்பதுதான் முதலில் வழுக்கும். மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பும். பின்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கணக்கு என்பதற்கு அதுவே சாட்சி.

கூட்டமாகப் போகும்போது

வரிசையில் முதலில் செல்பவர் வளைவு முடிந்து வேகம் எடுக்கும்போது, கடைசியில் வருபவர் இன்னும் வளைவுக்குள் இருப்பார். இடைவெளியை மூட அவர் மற்றவர்களைவிட வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். அன்று கடைசியில் வந்தவன் நான்தான். ஆகவே புறப்படும் முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்: அவரவர் வேகத்தில் வரலாம், சந்திப்புகளில் எல்லாரும் வந்துசேரும்வரை காத்திருப்போம். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால், சக்கரம் நம் பாதையில் இருந்தாலும் தலை எதிர்ப்பாதையில் இருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விடுமுறை முடிந்து வகுப்பறைக்குள் நுழையும்போது எந்த நாற்காலியும் காலியாக இருக்கக்கூடாது என்பதே ஓர் ஆசிரியரின் கவலை.

சிந்திக்க: 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மழை நேரத்தில் 0.5 பங்கு உராய்வு கிடைக்கிறது. வழுக்காமல் போகக்கூடிய மிகக் கூடிய வேகம் என்ன? விடை: மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். எப்படி வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு, அதைவிடக் குறைவாகவே ஓட்டுங்கள்.