பூட்டில்லாத் துப்பாக்கி

மாணவர்களே, அவசரகாலத்தைப் பற்றி (1948–1960) வரலாற்றில் படித்திருப்பீர்கள். 1953இல் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் முதன்முதலாகத் தளர்ந்த ‘வெள்ளைப் பகுதி’ நம் மலாக்காவில்தான் இருந்தது. அக்காலப் படையினர் சுமந்தவற்றில் ஒன்று ஸ்டென், பின்னர் எஸ்.எல்.ஆர். வந்தது. இரண்டும் அடுத்த தோட்டாவைத் தாமே ஏற்றிக்கொள்ளும். ஆனால் உள்ளே இயங்கும் விதம் வேறு.

ஸ்டென்னுக்குக் கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. தோட்டாவே போதும். குண்டு சுமார் 8 கிராம். வேகம் வினாடிக்கு 350 மீட்டர். உந்தம் (பள்ளியில் மொமெந்தம் என்பீர்களே, அதுதான்) 0.008 × 350 = 2.8. குழலின் பின்புறத்தை அடைக்கும் இரும்புக் கட்டைதான் போல்ட். அதே உந்தத்தோடு அது பின்னே தள்ளப்படும். அதன் நிறை 0.6 கிலோ என வைத்துக்கொண்டால், வேகம் 4.7 மீட்டர்தான். போல்ட் சற்றே நகர்வதற்குள் குண்டு வெளியேறி, அழுத்தமும் தணிந்துவிடும். பூட்டு எதற்கு? கனமான போல்ட்டும் ஒரு சுருள்வில்லும் போதும். ஸ்டென் மலிவாக இருந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

எஸ்.எல்.ஆரின் 7.62 மி.மீ. குண்டோ 9 கிராம், 840 மீட்டர், உந்தம் 7.6. அதே கணக்கில் 1.6 கிலோ போல்ட் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் யார் நடப்பது? அழுத்தமும் மிகக் கடுமை. போல்ட் முந்தித் திறந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தருகே பீறிடும். அதனால் போல்ட் பூட்டப்பட்டிருக்கும். குழலிலுள்ள சிறு துளையைக் குண்டு கடந்ததும் கொஞ்சம் வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். அதன் பிறகே பூட்டு விலகும்.

அமெரிக்க எம்1 கார்பைனின் குண்டு 7.1 கிராம்தான், வேகம் சுமார் 600 மீட்டர். அதற்கும் பூட்டு உண்டு. ஏன்? உந்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.