பூட்டுத் தொழிலில் இறங்குமுன்

சீயமங்கலம் போன்றதொரு சிற்றூரிலிருந்து இளைஞர் ஒருவர் வருகிறார். செஞ்சிக் கடைவீதியில் பூட்டுக் கடை வைக்க எண்ணியுள்ளதாகவும், கடனுக்குத் துணைபுரிய வேண்டுமென்றும் பஞ்சாயத்து உறுப்பினரை வேண்டுகிறார். அவருக்கு என்ன விடை கூறுவது?

அரம், வைஸ், வெட்டப்படாத சாவிகள் சில. தொடக்கத்திற்கு இவை போதும். முதல் குறைவாக வேண்டியிருப்பதனாலேயே இத்தொழிலில் பலர் புகுந்து நெருக்குகின்றனர்.

திண்டுக்கல்லின் நிலையை நோக்குவோம். அவ்வூர்ப் பூட்டின் உள்ளே நெம்புகோல் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். உரிய சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்கு நிமிர்த்தினாலன்றித் தாழ் நகராது. தகடுகள் கூடக்கூடக் கள்ளச்சாவிக்கு இடம் குறையும். மாங்காய் வடிவில் அமைந்த பூட்டு அவ்வூருக்கே பெயர் தந்தது. தொழிலாளருக்கென 1957-இல் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் பட்டறைகள் பல மூடப்பட்டன. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தன. கையால் அரமிட்டுச் செய்தவர் அந்த விலைக்குக் கொடுக்க இயலவில்லை. பிள்ளைகளும் வேறு வேலை தேடிச் சென்றனர். கைத்திறனில் குறையில்லாத ஊருக்கே இந்நிலை என்றால், புதிதாய்ப் பூட்டுச் செய்து விற்க முனைவோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

பூட்டு விற்பனையும் அத்தகையதே. இரும்புக் கடைகளில் அது ஏற்கெனவே கிடைக்கின்றது.

எஞ்சுவது பழுது பார்க்கும் பணி. மழையில் துருவேறிய மோட்டார் கொட்டகைப் பூட்டு, சாவி தொலைந்த பீரோ, இருசக்கர வண்டிச் சாவி ஆகியவற்றுக்காக உழவர் அரைநாள் வேலையை விட்டு நகருக்கு அலைகின்றனர். அவர்தம் வாயிலுக்கே செல்பவருக்கு வேலை உண்டு. ஆனால் நாள்தோறும் உண்டு என எவரும் உறுதி கூற முடியாது. ஆதலின் கடை வாடகையை முதலில் தலையில் ஏற்றிக்கொள்ளலாகாது. சந்தை நாளில் ஓரிடம், மற்ற நாட்களில் சைக்கிளில் ஊர்ச் சுற்று என ஆறு திங்கள் நடத்திக் கணக்கெழுதிப் பார்த்த பின்னரே சாவி வெட்டும் இயந்திரத்துக்குக் கடன் கேட்பது முறை. மின்னணுச் சில்லு பொருந்திய கார்ச் சாவிக்குத் தனிக் கருவி வேண்டும். அதனை நகரத்தாருக்கு விட்டுவிடலாம்.

யாருடைய சாவி, யார் கொணர்ந்தார் என்பதைக் குறிக்க ஒரு பதிவேடு இருத்தல் வேண்டும். சோப்பில் பதித்த அச்சைக் கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒருமுறை ஐயம் எழுந்துவிட்டால் அப்புறம் அவ்வூரில் பிழைப்பில்லை.

பஞ்சாயத்தும் ஒன்று செய்யலாம். மோட்டார் அறை, நூலகம், அலுவலகம் ஆகியவற்றின் பூட்டுகளை ஆண்டுக்கு இருமுறை எண்ணெயிட்டுச் சரிபார்க்கும் பணியை உரிய கூலிக்கு அவரிடம் ஒப்படைக்கலாம். மாற்றுச் சாவிகளை மட்டும் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.